மீதியை எழுது

சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலை முடிந்து மாலை வகுப்பு எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் சொல்லத் தேவையில்லை. வணிகக் கணிதம் என்றால் நம் எல்லோருக்கும் ஒரே சேர்தான். பள்ளி நினைவு மலர்க் குழுவினர் அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். என்னால் எழுத முடிந்தது ஒரே ஒரு பாடத்தைப் பற்றித்தான்.

அன்று அவர் தந்த கணக்கு இது. ஒருவர் 12,000 கடன் வாங்குகிறார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து. 12 மாதத் தவணை, மாதம் 1,100. அவர் உண்மையில் கட்டும் வட்டி நூற்றுக்கு எத்தனை? கேள்வி முடியுமுன்பே எழுந்து "பத்து, சேர்" என்றேன். தவணைப் பரீட்சையில் முதலாவதாக வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 12,000க்கு நூற்றுக்குப் பத்து என்றால் 1,200. இரண்டையும் கூட்டி 12ஆல் பிரித்தால் 1,100. கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது என்று நினைத்தேன்.

சேர் வெண்கட்டியை நீட்டினார். "மாசா மாசம் அந்த ஆளிட்ட நிக்கிற கடன் எவ்வளவு? மீதியை எழுது."

எழுதினேன். ஒவ்வொரு மாதமும் வாங்கிய தொகையில் 1,000 கழிகிறது. முதல் மாதம் 12,000. அடுத்தது 11,000. அப்படியே இறங்கிக் கடைசி மாதம் 1,000. மொத்தம் 12 வரி. ஏழாவது வரியில் எனக்கு விளங்கிவிட்டது. பின் வாங்கிலிருந்து சிரிப்பு கேட்டது. சேர் நிறுத்தவில்லை. கூட்டச் சொன்னார்: 78,000. 12ஆல் பிரிக்கச் சொன்னார்: 6,500. ஆண்டு முழுவதும் அந்த ஆள் வைத்திருந்த கடன் சராசரியாக 6,500தான், வட்டியோ 1,200. நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டியது. இன்னும் நுணுக்கமாகப் போட்டால் 18க்கு ஒட்டினாற்போல வரும். "கணக்கு உனக்குச் சரியா வருது, காசுதான் பிழைச்சுப் போச்சு" என்றார். மணி அடிக்கும்வரை பலகைப் பக்கமே நின்றேன்.

என்னை அப்படி நிறுத்தி வைத்தது சரி என்று இன்றும் சொல்லமாட்டேன். பிறகு பல மாதம் எந்த வகுப்பிலும் நான் கை உயர்த்தவில்லை.

அன்று மாலை கொப்பியை விட்டுவிட்டு வந்தது நினைவு வந்து திரும்பிப் போனேன். கடைசி அறையில் விளக்கு எரிந்தது. அங்கே பெரியவர்களுக்குச் சேர் வகுப்பு வைப்பது நமக்கெல்லாம் தெரியும். யார் போகிறார்கள் என்று நாம் யாரும் பார்த்ததில்லை. யன்னலால் பார்த்தேன். நான் எழுதிய 12 வரியும் பலகையில் அப்படியே இருந்தன. இரண்டாவது வாங்கில் என் அம்மா இருந்தார்.

அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மடியில் ஒரு கடன் அட்டை. வீட்டில் அப்படியொன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "கடன் குறைஞ்சு கொண்டு போகுது, வட்டி மட்டும் ஏன் மாஸ்டர் குறையேல்லை?" என்று கேட்டார். சராசரியும் போடவில்லை, சதவீதமும் சொல்லவில்லை. பகலில் நான் 12 வரி எழுதிக் கண்டுபிடித்ததை அவர் பார்த்தவுடன் பிடித்துவிட்டார். சேர் வெண்கட்டியைக் கீழே வைத்தார். "இதுதானம்மா கேள்வி. கையெழுத்துப் போட முதல் இதைக் கேளுங்கோ" என்றார். பகலில் நாம் கேட்டிராத குரல் அது. அந்த அறையில் யாரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

நான் பார்த்ததை அம்மாவிடம் சொல்லவே இல்லை. அந்தக் கடனின் வட்டி ஒன்றும் குறையவில்லை. ஆனால் அந்த இடத்தில் அம்மா இரண்டாவது கடன் எடுக்கவில்லை.

சேர் தந்த மற்றவற்றையும் சொல்லவேண்டும். 72ஐ வட்டி வீதத்தால் பிரித்தால் காசு இரட்டிக்கும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும் என்பதை நம்மில் மறந்தவர் இருக்கமாட்டார்கள். நூற்றுக்கு 6 என்றால் 12 ஆண்டு, 18 என்றால் 4 ஆண்டு. இத்தாலியக் கணிதவியலாளர் லூகா பசியோலி 1494இல் அச்சிட்ட கணித நூலிலேயே இந்த விதி இருப்பதைப் பின்னாளில் வாசித்தேன். இதே விதியைச் சேர் திருப்பிப் போட்டும் காட்டுவார்: விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பூட்டி வைத்த காசின் பெறுமதி 12 ஆண்டில் பாதியாகும். மாலை வகுப்பில் சிறு வியாபாரிகளுக்கு அவர் சொன்னது அதைவிட எளிது: வியாபாரக் காசுக்கு ஒரு பெட்டி, வீட்டுக் காசுக்கு ஒரு பெட்டி, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கை போகக்கூடாது. டொமினிக்கன் குடியரசில் சிறு வியாபாரிகளிடம் செய்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. முறைப்படி கணக்கியல் படித்தவர்களைவிட, இப்படிப்பட்ட எளிய விதிகளைப் படித்தவர்களே கணக்கு வழக்கில் நன்றாகத் தேறியிருந்தார்கள். அதை வாசித்தபோது சேருக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். எழுதவில்லை.

படிப்பு முடிந்து புறப்படுமுன் விடைபெறப் போனேன். அவர் மேசை லாச்சியிலிருந்து கடைசி அறையின் திறப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். "ரெண்டு வருஷம் பின்னேர வகுப்பைப் பார், பிறகு போ" என்றார். இரண்டு வருடத்தில் திரும்பி வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். திறப்பு மேசையிலேயே கிடந்தது.

இங்கே வந்து முதன்முதலில் எடுத்தது 60 மாதக் கடன். இரண்டாம் ஆண்டு முடிவில் அடைத்துவிட்டேன். காலத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் போயிருந்தது. வட்டியில் 64 சதவீதம் போயிருந்தது. பத்திரத்தைப் பிறகுதான் வாசித்தேன். 78இன் விதிப்படி வட்டி பிரிக்கப்படும் என்றிருந்தது. ஓராண்டுக் கடன் என்றால் வட்டியை 78 பங்காக்கி, முதல் மாதம் 12 பங்கு, அடுத்த மாதம் 11 என்று முன்மாதங்களிலேயே கூடுதலாக எடுப்பது அது. 12 முதல் 1 வரை கூட்டினால் வருகிற 78. பள்ளிக்கூடப் பலகையில் என் கையாலேயே கூட்டிய தொகை. 60 மாதத்துக்கு அந்தக் கூட்டுத்தொகை 1,830. மிச்சம் இருந்த 36 மாதத்துக்கு 666 பங்கு வட்டி மட்டும் கழித்துத் தந்தார்கள். அன்றிரவு அம்மாவின் கேள்வியை நினைத்துக்கொண்டு நெடுநேரம் விழித்திருந்தேன். கையெழுத்துப் போட முதல் நான் எதையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மாலை வகுப்பு தொடங்கினேன். முதல் நாள், மக்களின் நிதி அறிவை அளக்கப் பொருளியலாளர்கள் லுசார்டியும் மிட்செலும் 2004இல் பயன்படுத்திய மூன்று கேள்விகளைக் கொடுப்பேன். முதலாவது: 100ஐ ஆண்டுக்கு 2 சதவீத வட்டியில் ஐந்தாண்டு விட்டுவைத்தால், கடைசியில் இருப்பது 102ஐவிடக் கூடவா, சரியாக 102ஆ, குறைவா? கூட என்பதுதான் விடை. கடினமான கேள்வி இல்லை. ஆனாலும் 'தெரியாது' என்ற கட்டத்தில் அடையாளம் போடப் பெரியவர்களுக்கு வெட்கம். பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். 2014இல் 140க்கு மேற்பட்ட நாடுகளில் எடுத்த கணிப்பில், அடிப்படை நிதி அறிவு உள்ளவர்கள் வளர்ந்தோரில் மூன்றில் ஒருவர்தான். இந்த வெட்கம் போகாமல் எந்தப் பாடமும் உள்ளே இறங்காது என்பது என் அனுபவம். அதனால் என் வகுப்பில் யாரையும் பலகைக்குக் கூப்பிடுவதில்லை. மீதியை நானே எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம். கணக்கை விரைவாகப் போட்டு விடுகிறார்கள், அப்போது நான் போட்டதைப் போலவே. நிதிக் கல்வி காலப்போக்கில் மறந்துபோகிறது, முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கொடுத்தால்தான் பயன் என்று 201 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்னது. 76 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டுத் தொகுப்போ அறிவும் நடத்தையும் இரண்டுமே தேறுகின்றன என்று கண்டது. இரண்டும் உண்மைதான் என்று படுகிறது. அம்மாவின் மடியில் கடன் அட்டை இருந்தது. என் மடியில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அந்த 78 எனக்குள் கிடந்தது. பிந்தித்தான் வந்தது, வந்தது. அதனால் பிள்ளைகளிடம் ஒன்றைக் கட்டாயமாகச் சொல்கிறேன்: முதல் கடன் எடுக்கும் நாளில், கையெழுத்துக்கு முன், பத்திரத்தோடு என்னிடம் வாருங்கள், எத்தனை வருடம் கழித்தென்றாலும். இதுவரை நாலு பேர் வந்திருக்கிறார்கள்.

செய்தி வந்த அன்றும் வகுப்பு நடத்தினேன். 12,000 என்று தொடங்கி 12 வரி எழுதினேன். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

இறுதிக் கிரியைக்குப் போய்வந்த நம் வகுப்பு நண்பன் சொன்னான், சேருக்கு நடக்க முடியாமல் போனதோடு மாலை வகுப்பும் நின்றுவிட்டதாம். வேறு யாரும் பொறுப்பெடுக்கவில்லையாம். கடைசி அறை பூட்டித்தான் கிடக்கிறதாம். வருகிற விடுமுறைக்கு நான் போகிறேன். அந்த அறையின் திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து மலர்க் குழு வழியாக எனக்கு எழுதுங்கள்.