இரண்டாம் பக்கத்தில் இருந்த கோயில்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. கோயில் இணையதளங்களை மக்கள் அதிகமாகத் திறப்பதும் அந்த விரத நாட்களில்தான். பூசை எத்தனை மணிக்கு, ஆற்றங்கரையிலிருந்து காவடி எப்போது புறப்படும், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பார்கள்.

கொடியேற்றத்துக்கு மறுநாள் காலை, நாங்கள் இணையதளம் பார்த்துக்கொள்ளும் ஒரு கோயிலின் செயலாளர் கூப்பிட்டார். தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, என் போன்ல போன வருஷப் பக்கம்தான் வருது."

எபேன் நகரில் இருக்கும் எங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். புதுப் பக்கம்தான் வந்தது. "இங்க சரியா இருக்கு ஐயா, ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க" என்றேன். அரைமணி கழித்து மறுபடியும் கூப்பிட்டார். பேத்தியின் போனிலும் பழசுதானாம்.

கோயில்கள், சங்கங்கள் என்று பல தளங்களை ஒரே ப்ராஜெக்டில் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் சொந்த டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர். நவம்பர் நடுவில்தான் எல்லாவற்றையும் பழைய சர்வரிலிருந்து புது ஹோஸ்டிங்குக்கு (தளங்களை வைத்து நடத்தும் சேவைக்கு) மாற்றினோம். அப்போது ஒரு சின்னக் கருவி எழுதினேன். ப்ராஜெக்டில் சேர்ந்திருக்கும் டொமைன்களை ஏபிஐ (நிரல்கள் சேவையிடம் கேள்வி கேட்கும் வழி) மூலம் கேட்டு, ஒவ்வொன்றின் நிலையோடு வரிசையாகக் காட்டும். அதன் டோக்கனுக்கு, அதாவது நுழையும் சாவிக்கு, வாசிக்கும் உரிமை மட்டுமே கொடுத்திருந்தேன். எதையும் மாற்றாது, அழிக்காது என்பதால் பயமில்லாமல் எத்தனை முறையும் ஓட்டலாம். இப்படிப்பட்ட கருவிகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

அன்றும் ஓட்டினேன். எல்லா வரியிலும் 'ஆக்டிவ்'. "நம்ம பக்கம் பிரச்சினை இல்லை" என்று சொல்லப்போனவன், எதற்கும் கோயிலின் பெயரைத் தேடினேன். பட்டியலில் அது இல்லவே இல்லை. வரிகளை எண்ணினேன்: சரியாக 20. அந்த முழு எண்ணைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஏபிஐ ஒரு தடவைக்கு 20 பெயர்தான் தரும்; அடுத்த பக்கம் இருந்தால் அதற்கான குறியீட்டைக் கடைசியில் வைக்கும். என் கருவி அதைப் படிக்கவே இல்லை. இரண்டு மாதமாகச் சில டொமைன்களைப் பார்க்காமலே எல்லாருக்கும் "நல்லா ஓடுது" என்று சொல்லி வந்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பிழைச்செய்தி ஒன்று வந்திருந்தால் அன்றே தேடியிருப்பேன். பாதிப் பட்டியல் முழுப் பட்டியல் போலவே தெரிந்தது.

இரண்டாம் பக்கத்தில் இன்னும் ஆறு இருந்தன. கோயிலின் டொமைன், முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாத வடிவம், 'பெண்டிங்'கில் நின்றது. ஒரு பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதை டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேடு சொல்லும். அதில் பழைய வகை ஐபிவி4 முகவரி ஏ ரெக்கார்டிலும், புது வகை ஐபிவி6 முகவரி குவாட்-ஏ ரெக்கார்டிலும் இருக்கும். மாற்றிய அன்று ஏ ரெக்கார்டை மட்டும் திருத்தியிருந்தோம். குவாட்-ஏ ரெக்கார்டில் பழைய சர்வரின் ஐபிவி6 முகவரி அப்படியே இருந்தது. எங்கள் ஆபீஸ் இணைப்பில் ஐபிவி4 மட்டும்தான், அதனால் எனக்குப் புதுசு. ஐயாவின் போன் ஐபிவி6-இல் போனது, அவருக்குப் பழசு. ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஐபி முகவரிகளைப் பிரித்துத் தரும் அஃப்ரினிக்கின் தலைமையகம் இதே எபேனில்தான் இருக்கிறது. இருந்தும் எங்களில் யாரும் ஐபிவி6 வழியாக ஒரு தளத்தையும் திறந்து பார்த்ததில்லை.

தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழைப் புதுப்பிப்பது நின்றதும் அதனால்தான். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தந்த எங்கள் சான்றிதழுக்கு 90 நாள் ஆயுள். ஹோஸ்டிங் 60 நாளில் புதுப்பிக்க முயன்றிருக்கிறது. டொமைன் நம்முடையதுதானா என்று ஒரு கோப்பைத் தேடிச் சோதிக்க வரும்போது, குவாட்-ஏ இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் ஐபிவி6 பக்கம்தான் போகும். அங்கே பதிலே வராவிட்டால் ஐபிவி4-ஐ முயலும். ஆனால் பழைய சர்வர் உயிரோடு இருந்து, "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று வாரம் விட்டிருந்தால் புதுப் பக்கத்திலும் எச்சரிக்கைதான் வந்திருக்கும்.

குவாட்-ஏ-வை நீக்கினேன். பழைய பதிலை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரமான அதன் டிடிஎல் 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள். அதுவரை காத்திருக்கச் சொல்ல மனம் வரவில்லை. பழைய சர்வரிலேயே இந்த வருட நேர அட்டவணையை ஏற்றிவிட்டு ஐயாவைக் கூப்பிட்டேன். "இப்ப சரியா இருக்கு தம்பி" என்றார்.

அப்புறம் கருவியைத் திருத்தினேன். கடைசிப் பக்கம் வரை போகும். மொத்த எண்ணிக்கையை முதல் வரியில் காட்டும். ஏ, குவாட்-ஏ இரண்டும் எங்கே போகின்றன என்று பார்க்கும். சான்றிதழ் முடியும் தேதி நெருங்கியதை மேலே வைக்கும். காலாவதியாகப் போவதை முன்பு லெட்ஸ் என்கிரிப்ட் மின்னஞ்சலில் சொல்லும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் 26 வந்தது. கணக்கு நோட்டில் 25. கூடுதலாக இருந்தது பணம் கட்டுவதை நிறுத்திவிட்ட ஓர் இளைஞர் சங்கத்தின் டொமைன். ப்ராஜெக்டிலிருந்து மட்டும் எடுத்தால், டிஎன்எஸ் இன்னும் இங்கேயே காட்டிக்கொண்டிருக்கும். வேறு யாராவது அந்தப் பெயரைத் தங்கள் ப்ராஜெக்டில் சேர்த்துக்கொள்ள வழி திறந்துவிடும். ஐயாவிடம் கேட்டேன். "அதை நடத்தினவர் மகன் ரோஸ்ஹில்லில் இருக்கான். காவடி முடியட்டும், நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். அவர்கள் வரும்வரை அதை எடுக்காமல் வைத்திருக்கிறேன்.