பிவிசி பைப்பில் மூன்று ஓட்டை: டாரிசெல்லி விதியைச் செய்து பார்த்தது

பாட்டிலில் மேலிருந்து கீழாக மூன்று ஓட்டை, அடி ஓட்டையிலிருந்து வரும் தண்ணீர்தான் ரொம்ப தூரம் போய் விழுகிறது, ஏனென்றால் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். இந்தப் படத்தைப் பார்க்காமல் பள்ளிக்கூடம் தாண்டியவர்கள் குறைவு. அழுத்தம் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் பாட்டில் தரையில் நிற்கிறது என்றால் படம் தப்பு. பதினொன்றாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் படிக்கிறவர்கள் கையால் அளந்து பார்க்கட்டும் என்றுதான் இதைச் செய்ய ஆரம்பித்தேன், அப்புறம் அது வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பாட்டில் வேண்டாம், வளைவும் நெளிவுமாக இருக்கும், கணக்குக்கு ஒத்துவராது. உள்விட்டம் 70 மி.மீ. உள்ள பிவிசி பைப்பில் 70 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு, அடியில் எண்ட் கேப் போட்டு சொல்யூஷன் வைத்து ஒட்டியாயிற்று. அடியிலிருந்து 15, 30, 45 செ.மீ. உயரங்களில் 4 மி.மீ. டிரில் பிட்டால் மூன்று ஓட்டை. பின்பக்கம் 60 செ.மீ. உயரத்தில் ஒரு பெரிய ஓட்டை, அது வழிந்தோட. மேலே ஹோஸை விட்டு விட்டால் மட்டம் 60-லேயே நிற்கும். பைப்புக்குள் மட்டம் தெரியாது என்பதால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடி டியூபை அடியில் இணைத்து வெளியே செங்குத்தாகக் கட்டினேன். டியூபில் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அளவு பொய் சொல்லும். ஆணியைக் காய்ச்சிக் குத்தாதீர்கள், ஓட்டையைச் சுற்றி உதடு மாதிரி ஒன்று எழும்பித் தாரை பிசிறடிக்கும். டிரில் போட்ட பிறகும் உள்பக்கப் பிசிறை உப்புத்தாள் சுற்றிய குச்சியால் தேய்த்து எடுத்தால்தான் தாரை கண்ணாடிக் கம்பி போல வரும்.

விதி சுலபம். 1644-இல் இத்தாலிய இயற்பியலாளர் டாரிசெல்லி வெளியிட்டது, பிறகு பெர்னூலி சமன்பாட்டிலிருந்தும் (ஓடும் பாய்மத்துக்கான ஆற்றல் கணக்கு) ஒரே வரியில் வந்துவிடும்: வெளியேறும் வேகம் என்பது இரண்டு, புவியீர்ப்பு முடுக்கம், மட்டத்திலிருந்து ஓட்டை வரை உள்ள ஆழம் மூன்றையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். அந்த ஆழத்தைச் சும்மா விழுந்து கடந்த கல்லுக்கு என்ன வேகமோ அதே வேகம். அடி ஓட்டைக்கு ஆழம் 45 செ.மீ., வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர். வேகம் உண்டு, ஆனால் தரை 15 செ.மீ. கீழேயே இருப்பதால் பறக்க நேரம் இல்லை. மேல் ஓட்டைக்கு நேரம் உண்டு, வேகம் இல்லை. கணக்குப்படி இரண்டுமே 52 செ.மீ. தூரத்தில் விழ வேண்டும், நடு ஓட்டை 60-இல். அளந்தது: அடி 50, மேல் 50, நடு 58. மேலும் கீழும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் விழுவதைப் பார்ப்பது தனி சுகம். பைப்பை 45 செ.மீ. உயர ஸ்டூலில் தூக்கி வைத்ததும் அடித்தாரை ஒரு மீட்டரைத் தொட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதாவது பாடப்படத்தில் ஒரு ஸ்டூல் வரைந்திருந்தால் போதும், பிரச்சினையே இல்லை.

சரி, வேகம் விதிக்கு மூன்று சதவீதம் போலத்தான் குறைவு. அப்படியானால் பைப் காலியாகும் நேரமும் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா? மற்ற ஓட்டைகளை டேப் போட்டு அடைத்து, ஹோஸை எடுத்துவிட்டு, அடி ஓட்டைக்கு மேலே 45 செ.மீ. இருந்த மட்டம் அதில் கால்வாசிக்கு, அதாவது 11 செ.மீ. சொச்சத்துக்கு, இறங்கும் நேரத்தை எடுத்தேன். (கடைசி வரை ஓட விட்டு அளப்பதில் பயனில்லை, மட்டம் ரொம்பக் குறைந்ததும் பரப்பு இழுவிசை உள்ளே வந்து தண்ணீர் சுவரோடு ஒட்டி வடிய ஆரம்பிக்கும்.) கணக்கு 46 நொடி என்றது. கடிகாரம் 75 என்றது. திரும்பத் திரும்ப எடுத்தாலும் அதையொட்டியேதான்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வேகம் சரியாக இருக்கிறது, தண்ணீரோ கணக்கில் 62 சதவீதம்தான் வருகிறது. மீதி எங்கே? தாரையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஓட்டையை விட்டு வந்த இரண்டு மி.மீ.க்குள் அது மெலிந்துவிடுகிறது. உள்ளே எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓட்டையை நோக்கி ஓடிவரும் தண்ணீர் விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல் உள்நோக்கியே போகிறது. தாரையின் குறுக்குவெட்டு ஓட்டையில் 64 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிடும். இதை நியூட்டனே கவனித்து எழுதியிருக்கிறார். பரப்புக்கான 0.64-ஐ வேகத்துக்கான 0.97-ஆல் பெருக்கினால் 0.62. தாரை விழும் தூரத்தை மட்டும் அளந்திருந்தாலோ நேரத்தை மட்டும் அளந்திருந்தாலோ இது பிடிபட்டிருக்காது, இரண்டையும் பக்கத்தில் வைத்ததால்தான் குறைவது வேகமா பரப்பா என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள், அது வேறு கதை.

அடுத்த வேலை ஒரு குட்டிக் குழாய். பழைய ரேடியோ ஆண்டெனாவில் உள்விட்டம் 4 மி.மீ. உள்ள ஒரு கணுவை 12 மி.மீ.க்கு அறுத்து, எதிர்ப்பக்கம் அதே 15 செ.மீ. உயரத்தில் எம்சீல் வைத்துப் பொருத்தினேன், உள்முனை சுவரோடு சமமாக. நீளம் கூடினால் உராய்வும் கூடும், தண்ணீர் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இறங்கும் நேரம் 75-லிருந்து 58 நொடிக்கு வந்துவிட்டது! தாரையோ 50-க்குப் பதில் 41 செ.மீ.யில் விழுகிறது. தண்ணீர் கூடுகிறது, வேகம் குறைகிறது. உள்ளே சுருங்கிய தாரை குழாய்க்குள்ளேயே மறுபடி விரிந்து வாய் நிறைய வருவதால் பரப்பு முழுசாகக் கிடைக்கிறது, விரியும்போது ஏற்படும் சுழலில் கொஞ்சம் ஆற்றல் போய்விடுகிறது.

சுருங்கிய இடத்தில் வேகம் அதிகம் என்றால் அங்கே அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் கீழே போயிருக்க வேண்டும். இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரி 1797-இல் இதைத்தான் ஆராய்ந்தார். என் குழாயில் அந்த இடம் பைப் சுவரின் தடிமனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டதால் துளை போட வழியில்லை. அதனால் அடுத்து 8 மி.மீ. ஓட்டை, 24 மி.மீ. குழாய், தாரை சுருங்கும் கழுத்து சுவருக்கு வெளியே வருகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு ஊசித்துளை, அதிலிருந்து கீழே ஊதா மைத்தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடி டியூப். ஓட்டைக்கு மேலே உள்ள மட்டத்தின் முக்கால் பங்கு உயரம், அதாவது முப்பது செ.மீ.க்கு மேலேயே, மை ஏற வேண்டும். ஆண்டெனாவில் அத்தனை பெரிய கணு இல்லை, பித்தளைக் குழாய் தேடிக்கொண்டிருக்கிறேன்.