பக்கம் பார்த்தது யார்?

எங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் ஆன்மிகப் பக்கத்தைப் பதினாறு வருடம் புரூஃப் பார்த்தவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வெள்ளிக்கிழமை பக்கம் வியாழன் மாலை அவர் மேசைக்கு வரும். சிவப்புப் பேனாவும் பூதக்கண்ணாடியுமாகக் குனிந்தால் ஒரு மணி நேரம் நிமிர மாட்டார். ஒருமுறை திருவாசகத்தின் முதல் வரியில் ‘நமச்சிவாய வாஅழ்க’ என்று இருந்ததைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து டிடிபி செய்த பெண் ‘வாழ்க’ என்று மாற்றிவிட்டார். இவர் பிடித்துவிட்டார். “அளபெடைங்க அது. அந்த ‘அ’ இல்லீன்னா ஓசை நொண்டும்” என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்கு அங்கேயே மெல்லப் பாடியும் காட்டினார். சின்ன வயதில் ஓதுவாரிடம் பாடம் கேட்டவராம்.

ஆபீஸில் அவரை எல்லோரும் ‘ஐயா’ என்போம். அவர் இல்லாதபோது ‘கறுப்புச் சட்டை’. இத்தனைக்கும் அவர் போடுவதெல்லாம் கதர் வெள்ளை. ஆயுத பூஜையன்று எங்கள் கீபோர்டுகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருப்போம். அவர் பூஜை முடியும்வரை கேண்டீனில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து பொரி கடலை வாங்கிக்கொள்வார். “சாமி வேண்டாம், பொரி மட்டும் வேணுமாக்கும்?” என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். “பொரி அரிசியில பண்ணுனதுங்க” என்பார். அதுவும் வருடா வருடம் அதே பதில்தான்.

ராசிபலனையும் அவர்தான் பார்ப்பார். ஜோசியர் எழுதிய காப்பியை அனுப்பத் தாமதமானால் பழையதிலிருந்து எடுத்து ராசியை மாற்றிப் போடும் வழக்கம் எங்கள் டெஸ்க்கில் இருந்தது (எல்லா டெஸ்க்கிலும் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்). “ரிஷபத்துக்குப் போன மாசம் சொன்னதை இப்ப கன்னிக்குச் சொல்றீங்களே, வாசகருக்குப் பண்ற துரோகமில்லீங்களா?” என்று காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற ஒரே ஆள் அவர். நம்பிக்கை உள்ள நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. நான் வருடத்துக்கு நாலு முறையாவது மருதமலை படியேறுகிறவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2012 தைப்பூசத்தன்று மருதமலைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தோம். வேலோடு நிற்கும் முருகன் படம் ஐந்து காலம் (பத்தி) அகலத்துக்கு. முந்தைய இரவு ஐயா எட்டரை மணிக்குப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். பதினொன்றரைக்கு விளம்பரப் பிரிவிலிருந்து அவசரம் என்று ஒரு விளம்பரம் வந்தது. பாட்டத்தில், அதாவது பக்கத்தின் அடியில், இருந்த பாதயாத்திரைச் செய்தியைத் தூக்கிவிட்டு அங்கே போட்டோம். அச்சுக்குப் பிளேட் போக இன்னும் பத்து நிமிடம். திரையில் ஒரு பார்வை பார்த்து ‘பேஜ் ஓகே’ என்று நான்தான் சொன்னேன். பக்கத்தின் மாதிரித் தாளான டம்மியில் கையெழுத்தும் போட்டேன்.

பிரியாணிக் கடைத் திறப்பு விழா விளம்பரம் அது. வறுத்த கோழிக்கால் ஒன்று சரியாக முருகனின் பாதத்துக்குக் கீழே வந்து நின்றது.

காலை ஆறு மணிக்கே ஏஜென்ட்டுகள் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பேரூர்ப் பக்கம் ஒரு கடையில் கட்டோடு திருப்பி அனுப்பினார்கள். நான் பத்து மணிக்கு உள்ளே நுழையும்போதே தீர்ப்பு முடிந்திருந்தது. “அந்தாளு பார்த்த பக்கந்தானே, வேணும்னே விட்டிருப்பாரு.” சொன்னவர் கெட்டவரல்ல. ஐயாவிடம் கைமாற்று வாங்கி மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதுவரை அவர் கண்ணிலிருந்து ஒரு சந்திப்பிழைகூடத் தப்பாது என்று புகழ்ந்துகொண்டிருந்த வாய்கள். அந்தத் திறமையே இப்போது அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது: அவ்வளவு கூர்மையானவர் இதைப் பார்க்காமல் விடுவாரா?

விளம்பரம் எத்தனை மணிக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சீஃப் சப் (தலைமைத் துணை ஆசிரியர்) பதவிக்கு என் பெயர் போயிருந்த மாதம் அது. ஐயாவுக்கு மெமோ கொடுத்தார்கள். ‘நான் பார்த்தபோது பக்கத்தில் அந்த விளம்பரம் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஆன்மிகப் பக்கத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் மாணிக்கவாசகர் பாட்டை அப்பர் பாடியதாகப் போட்டோம். பிரதோஷத் தேதி ஒருமுறை தப்பியது. வாசகர் கடிதங்கள் வர வர, ஒரு வியாழக்கிழமை அந்தப் பக்கம் எந்தப் பேச்சும் இல்லாமல் மீண்டும் அவர் மேசைக்கே போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் நான் எழுதும் தலைப்புகளையே நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன்.

ஏலச்சீட்டு நடத்தி ஏமாற்றியதாக ஒரு பள்ளி ஆசிரியர் கைதானார். பகுத்தறிவு இயக்கக் கூட்டங்களுக்குப் போகிறவர் என்று நிருபர் காப்பியின் கடைசி வரியில் எழுதியிருந்தார். நான் அதைத் தூக்கித் தலைப்பில் வைத்தேன்: ‘நாத்திக ஆசிரியர் மோசடி’. கச்சிதமாக இருந்தது. புரூஃபில் ‘நாத்திக’வைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வந்தது. “போன வாரம் இதே மாதிரி சீட்டுக் கம்பெனிக்காரர் பிடிபட்டாரே தம்பி, அவரு எந்தச் சாமியக் கும்புடறவருன்னு நாம போடலீங்களே.” அந்தக் கம்பெனிக்காரர் குலதெய்வக் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தவர். அந்தச் செய்தியையும் படத்தோடு நாங்கள்தான் போட்டிருந்தோம். கைதுச் செய்தியில் தேர் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லைதான்.

2013 ஆகஸ்ட் 20. புனேயில் காலை நடைக்குப் போன நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி ஏஜென்சி காப்பியில் மூடநம்பிக்கை ஒழிப்பு ஆர்வலர் என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் எனக்குக் கிடைத்த இடம் இரண்டு காலம். ‘மூடநம்பிக்கை ஒழிப்பு ஆர்வலர்’ அதற்குள் உட்காராது. ‘நாத்திகத் தலைவர் சுட்டுக்கொலை’ என்றால் உட்கார்ந்துவிடும். இப்படித்தான் நடக்கிறது, பாதி நேரம் விரோதம்கூடக் கிடையாது, இடம்தான் கிடையாது. ஐயா விடவில்லை. 1989இல் தான் தொடங்கிய அமைப்பு கடவுள் நம்பிக்கையை எதிர்க்கவில்லை, கடவுள் பெயரால் நடக்கும் சுரண்டலைத்தான் எதிர்க்கிறது என்று தபோல்கர் திரும்பத் திரும்பச் சொன்னவர் என்றார். பேய் ஓட்டுகிறேன், நரபலி கொடுக்கிறேன் என்பவர்கள்மேல் சட்டம் வேண்டும் என்று பல வருடம் அலைந்தவர். அவர் செத்து நாலு நாளில் மகாராஷ்டிர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ‘மூடநம்பிக்கை எதிர்ப்பாளர்’ என்று எழுத்தின் அளவைக் குறைத்துப் போட்டோம். இரண்டு வருடம் கழித்து தார்வாடில் கல்புர்கி கொல்லப்பட்டபோதும் இதே கதை. கன்னடச் சிவனடியார்களின் ‘வசன’ இலக்கியத்தில் ஊறிய அறிஞர் அவர். அவரையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் திணிக்கப் பார்த்தோம்.

பெரியார் பிறந்த மாநிலத்தில் இதெல்லாமா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. இங்கே நாத்திகம் என்பது பத்திரிகைக்காரனுக்கு ஒரு கட்சி அடையாளம். சிலை, கறுப்புக் கொடி, பதவியேற்பில் ‘உளமார’வா ‘ஆண்டவன் பெயரால்’ஆ என்கிற கவனிப்பு. தலைவர் வீட்டு அம்மா கோயிலுக்குப் போனால் உடனே படம். கருணாநிதி மஞ்சள் துண்டு போட ஆரம்பித்த நாளிலிருந்து கடைசிவரை அந்தத் துண்டைப் பற்றி எழுதிய மை கொஞ்சமா? கட்சி எதிலும் இல்லாமல், வீட்டில் மனைவி விளக்கேற்ற, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஐயா மாதிரி ஆள் எங்கள் பக்கங்களில் ஒருநாளும் வந்ததில்லை. 2011 கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் சுமார் 33 ஆயிரம் பேர்தான். அதைச் சொன்னபோது ஐயா சிரித்தார். “அதுல நான் இல்லீங்க. டீச்சரம்மா கணக்கெடுக்க வந்தப்ப நான் டூட்டியில இருந்தேன். என்ற ஊட்டுக்காரி ‘இந்து’ன்னு சொல்லி, காப்பியும் குடுத்து அனுப்பிட்டா.”

2017 மார்ச் 16 இரவு உக்கடம் பக்கம் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. பழைய இரும்பு வியாபாரம். பெரியாரிய அமைப்பான திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கடவுள் இல்லை என்று வெளிப்படையாக எழுதியவர். ‘கடவுள் இல்லை’ என்ற அட்டையைத் தன் குழந்தை பிடித்திருக்கும் படத்தை முகநூலில் போட்டிருந்தார். எங்கள் ஊர்ச் செய்தி என்பதால் டெஸ்க்கில் அன்று எல்லோரும் நின்றுகொண்டே வேலை பார்த்தோம். எனக்கு வந்த காப்பியின் இரண்டாவது வாக்கியம் இப்படி இருந்தது: ‘மத உணர்வைப் புண்படுத்தும் வகையில் இவர் பதிவுகள் போட்டு வந்ததாகக் கூறப்படுகிறது.’ கொலை செய்தவர்களைப் போலீஸ் தேடுவது நாலாவது பத்தியில்.

எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. அப்படி எழுதித்தான் பழக்கம். புரூஃப் திரும்பி வந்தபோது ‘கூறப்படுகிறது’வின் கீழே இரண்டு கோடு. ஓரத்தில் ஒரே சொல்: ‘யாரால்?’

நான் நிருபருக்குப் போன் போட்டேன். “பொதுவா பேசிக்கிறாங்கண்ணா” என்றார். கொன்றவர்கள் சொல்லவேண்டிய நியாயத்தை அவர்கள் பிடிபடுவதற்கு முன்பே நாங்கள் அச்சில் ஏற்றிக்கொடுக்கப் பார்த்தோம். அந்த வரியை எடுத்துவிட்டேன். பிற்பாடு ஃபாரூக்கின் தந்தை, மகன் இருந்த அமைப்பிலேயே தானும் சேரப்போவதாகச் சொன்னார். அந்தச் செய்தியை ஐயா இரண்டு முறை படித்தார். திருத்த அதில் ஒன்றும் இல்லை.

அதே வருடம் ஆகஸ்டில் ஒரு அறிவியல் செய்தி ஏஜென்சியில் வந்தது. இந்தியா உட்பட 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதில் பிராணிகளை வதைத்தவன், பெரியவனாகி வீடற்றவர்களைக் கொல்கிறான். இவன் ஓர் ஆசிரியராக இருக்க வாய்ப்பு அதிகமா, கடவுள் நம்பிக்கையில்லாத ஆசிரியராக இருக்க வாய்ப்பு அதிகமா என்று ஒரு பகுதியினரிடம் கேள்வி. மற்றவர்களிடம் ‘நம்பிக்கையில்லாத’ என்ற இடத்தில் ‘நம்பிக்கையுள்ள’. நம்பிக்கையில்லாத ஆசிரியரும் ஆசிரியர்தானே, அதனால் கணக்குப்படி வெறும் ‘ஆசிரியர்’தான் எப்போதும் சரியான விடை. ஆனால் நம்பிக்கையில்லாதவன் என்ற சொல் இருந்தபோது தப்பாகத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாத்திகர்களே அப்படித் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதுதான் விசேஷம்.

மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன் ‘ஆசிரியர்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அந்தச் சீட்டு மோசடித் தலைப்பு. அதற்கு முன்னால், கோழிக்கால். நாலு பத்தியாகச் சுருக்கி, பிரிண்ட் எடுத்து நானே ஐயாவின் மேசைக்குக் கொண்டுபோனேன். படித்து முடித்தார்.

“ஐயா, அந்தத் தைப்பூசப் பக்கம்...” என்று ஆரம்பித்தேன். ஐந்தரை வருடம் ஆகியிருந்தது.

“தெரியுமுங்க தம்பி. மெமோ குடுத்த அன்னிக்கே டம்மிய எடுத்துப் பார்த்துட்டேன். உங்க கையெழுத்து இருந்துச்சு.”

“ஏங்கய்யா அப்பவே சொல்லலை?”

“சொன்னா நம்புவாங்களாங்க?” என்றார். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இரண்டாவது பத்தியில் ஒற்று ஒன்று விட்டுப்போனதைக் காட்டினார். “இதப் போடுங்க. நல்ல செய்தி.”

ஒற்றைச் சேர்த்து, ஒன்பதாம் பக்கத்தில் பாட்டமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பேப்பரைப் புரட்டினால் அங்கே ஒரு ஆடித் தள்ளுபடி விளம்பரம் இருந்தது. இரவு பதினொன்றரைக்கு வந்ததாம்.