முகூர்த்த நேரத்தில் கார்டு மாற்றக் கூடாது

எங்கள் கல்யாணப் புகைப்படக் குழுவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு லைட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். பெண் கூறைப் புடவையை வாங்கிக்கொண்டு மணவறையிலிருந்து உள்ளே போகிறாள் அல்லவா, அந்த நேரத்தில் கேமராவில் உள்ள மெமரி கார்டை மாற்றிவிட வேண்டும். பழைய கார்டில் இன்னும் 300 படத்துக்கு இடம் இருந்தாலும் சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். பெண் புடவை கட்டி முடித்துத் திரும்பி வர எப்படியும் கால் மணி நேரம் ஆகும். மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பார், ஐயர் அடுத்த சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். மதுரைப் பக்கத்துக் கல்யாணங்களில் அதிகாலை முதல் தாலி கட்டும் வரைக்கும் எங்களுக்குக் கிடைக்கிற ஒரே நிதானமான இடைவெளி அதுதான்.

அதற்குப் பிறகு கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் "கார்டு ஃபுல்" என்று திரையில் வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்று முடிச்சும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அட்சதை விழுகிறது, முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள், பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதில் எதையும் இன்னொரு முறை செய்யச் சொல்லி எடுக்க முடியாது. 36 படம் எடுக்கும் ஃபிலிம் சுருள் இருந்த காலத்திலேயே இதை அறிந்தவர்கள் உண்டு. நான் தொழில் கற்றுக்கொண்ட பெரியவர், எண்ணி ஏழெட்டுப் படம் பாக்கி இருந்தாலும் அந்தச் சுருளைச் சுற்றி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் மணவறைக்கு முன்னால் போய் நிற்பார். வீணாகிற அந்த ஏழெட்டுப் படத்தின் காசு அவர் கைக்காசு. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

கார்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. சின்னச் சின்னதாக 16, 32 ஜிபி கார்டு நிறைய வைத்துக்கொள், ஒன்று போனாலும் கல்யாணத்தில் ஒரு பகுதிதான் போகும் என்பது ஒரு கட்சி. பெரிதாக ஒன்றைப் போட்டுக்கொள், மாற்றவே வேண்டாம் என்பது இன்னொன்று. ஒரே ஒரு கார்டு போடும் இடம் உள்ள கேமராக்களை வைத்துக்கொண்டு வேலை செய்தவரை முதல் கட்சிதான் சரி. அன்றைக்கு வேறு வழி இல்லை. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2018இல் கேனான் இஓஎஸ் ஆர், நிகான் இசட்6 இரண்டும் ஒற்றை ஸ்லாட்டோடு வந்தபோது கல்யாணப் புகைப்படக்காரர்கள் பலர் அதை ஒரு குறையாகவே சொன்னார்கள். அதே ஆண்டு வந்த சோனி ஏ7 த்ரீயில் இரண்டு ஸ்லாட் இருந்தது. 2020இல் வந்த கேனான் ஆர்6, நிகான் இசட்6 டூ இரண்டிலும் இரண்டு ஸ்லாட் வைத்துவிட்டார்கள். கல்யாண வேலைக்குக் கேமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நாங்கள் வைத்திருக்கும் முறை இது. முதல் ஸ்லாட்டில் 128 ஜிபி, அதில் ரா கோப்பு, அதாவது கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்பு. இரண்டாவது ஸ்லாட்டிலும் 128 ஜிபி, அதில் பெரிய அளவு ஜேபெக், அதாவது எங்கும் திறக்கும் சாதாரணப் படக் கோப்பு. 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கிய ரா கோப்பு ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி வரும். ஆக முதல் கார்டில் 4,000 படத்துக்கு மேல் தாராளமாகப் பிடிக்கும். அவ்வளவையும் நிரப்ப விடுவதில்லை. வரவேற்பு முடிந்த இரவில் ஒரு முறை, கூறைப் புடவை நேரத்தில் ஒரு முறை, முதல் கார்டு மட்டும் மாறும். இரண்டாவது ஸ்லாட்டில் இருப்பதை வேலை முடியும்வரை யாரும் தொடுவதில்லை. ஜேபெக் ஒன்று 10 எம்பி அளவில் வருவதால் இரண்டு நாள் நிகழ்ச்சியும் அந்த ஒரு கார்டிலேயே அடங்கிவிடும். எடுத்து முடித்த ரா கார்டு என் இடுப்புப் பையில் இருக்கும், அதே படங்களின் ஜேபெக் கேமராவுக்குள்ளேயே இருக்கும். பை தொலைந்தாலும் கேமரா உண்டு, கேமரா கீழே விழுந்து உடைந்தாலும் பை உண்டு.

இந்த ஏற்பாட்டின் அருமை பழனிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் தெரிந்தது. வரவேற்பு முடிந்து கார்டைக் கழற்றும்போதுகூட அதில் படங்கள் எல்லாம் தெரிந்தன. அரை மணி நேரம் கழித்து மண்டபத்து அறையில் ரீடரில் போட்டால், கணினிக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியவில்லை. வேறு ரீடர், வேறு கணினி, திரும்பக் கேமரா, எதிலும் அசைவில்லை. நல்ல நிறுவனத்துக் கார்டு, சரியான கடையில் வாங்கியது, தண்ணீர் படவில்லை, கீழே விழவில்லை. மின்னணுப் பொருள் சில சமயம் இப்படித்தான், காரணம் சொல்லாமல் நின்றுவிடும். மாப்பிள்ளையின் தாத்தாவைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் மேடைக்குத் தூக்கி வந்து எடுத்த படங்கள் அந்தக் கார்டில்தான் இருந்தன. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு அவரால் வர முடியவில்லை. இரண்டாவது ஸ்லாட்டிலிருந்து எடுத்த ஜேபெக்கை வைத்துத்தான் அவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃபிரேம் செய்து கொடுத்தோம்.

வேகம் பற்றி நிறைய பேர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். கார்டின் முகத்தில் பெரிதாக 170, 200 என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதாவது கணினிக்கு ஏற்றும்போது வருவது. படம் எடுக்கும்போது நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். மூலையில் சின்னதாக வி30, வி60, வி90 என்று இருக்கும். எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதினாலும் நொடிக்கு 30, 60, 90 மெகாபைட்டுக்குக் கீழே போகாது என்பதற்கான உறுதி அது. வீடியோ தம்பிகள் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழம்பி, வேண்டாத விலை கொடுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேமராவில் 100 மெகாபிட் என்று இருந்தால் எட்டால் வகுக்க வேண்டும், நொடிக்கு 12.5 மெகாபைட்தான். வி30 கார்டு அதற்குத் தாராளம். சாதாரண 4கே கல்யாண வீடியோவுக்கு அது போதும், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வீதம் இடம் மட்டும் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். 400, 600 மெகாபிட்டில் எடுப்பவர்களுக்குத்தான் வி60, வி90 எல்லாம் தேவை.

புகைப்படத்தில் வேகம் உறைப்பது தாலி கட்டும்போதும் அட்சதை விழும்போதும்தான். நொடிக்குப் பத்துப் படம் வீதம் அழுத்துவோம். கேமரா அவற்றைத் தன் தற்காலிக நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு கார்டுக்குத் தள்ளும். கார்டு மெதுவானதாக இருந்தால் உள்ளே நெரிசலாகி, அழுத்த அழுத்தக் கேமரா எடுக்காமல் நிற்கும். இரண்டு ஸ்லாட்டிலும் எழுதும்போது மெதுவான ஸ்லாட்டின் வேகம்தான் மொத்த வேகம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏ7 த்ரீயில் முதல் ஸ்லாட் யுஎச்எஸ்-டூ என்கிற வேகமான வகை, இரண்டாவது அதைவிட மெதுவான யுஎச்எஸ்-ஒன். கேனான் 5டி மார்க் த்ரீயில் சிஎஃப் என்கிற பெரிய கார்டுக்கான ஸ்லாட் வேகமானது, எஸ்டி என்கிற சின்னக் கார்டுக்கான ஸ்லாட் யுஎச்எஸ் வேகத்தையே ஏற்காது. மெதுவான ஸ்லாட்டிலும் ரா எழுதச் சொன்னால் விலை கொடுத்து வாங்கிய வேகமான கார்டு காத்துக்கொண்டு கிடக்கும். அங்கே ஜேபெக் மட்டும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போலிக் கார்டு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி, இணையத்தில் தள்ளுபடி விலைக்கு 256 ஜிபி கார்டு ஒன்றை வாங்கி வந்தார். உறை அச்சு அசல், கேமராவும் 256 என்றே காட்டியது. எங்கள் வழக்கப்படி அதை வேலைக்கு எடுப்பதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற மென்பொருளில் போட்டோம். அது கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். உள்ளே உண்மையில் இருந்த இடம் அதில் ஒரு சின்னப் பங்குதான். மீதியெல்லாம் வெறும் எண். அப்படிப்பட்ட கார்டை நம்பிக் கல்யாணத்துக்குப் போனால் எடுக்கும்போது எந்தப் பிழையும் காட்டாது, வீட்டுக்கு வந்து திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும். ஒரு கார்டை நிரப்பிப் படிக்கச் சில மணி நேரம் ஆகலாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியதானாலும், பெரிய ஷோரூமில் வாங்கியதானாலும், அந்தச் சோதனை முடியாத கார்டு எங்கள் பைக்குள் போகாது.

இவ்வளவு சொன்னாலும், கார்டு தானாகக் கெட்டதைவிடக் கை மாறியதில் தொலைந்ததைத்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன். சட்டைப் பையில் போட்டால் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் குனியும்போது விழும். மேசையில் வைத்தால் தாம்பூலப் பையோடு போய்விடும். அதனால் எண் எழுதாத கார்டு எங்களிடம் இல்லை. பையில் இரண்டு அறை, காலியானவை ஒரு பக்கம், எடுத்து முடித்தவை முகம் கவிழ்த்து மறுபக்கம். முடித்த கார்டைக் கழற்றியதும் ஓரத்திலுள்ள பூட்டையும் கீழே தள்ளிவிடுவோம். தப்பித்தவறி யாராவது கேமராவில் போட்டாலும் எழுத விடாது.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது தனி வேலை. வரவேற்பு நடந்துகொண்டிருக்கும்போதே பெண்ணின் தம்பியோ மாப்பிள்ளையின் நண்பரோ வந்துவிடுவார்.

"அண்ணே, அந்தக் கார்டைக் கொஞ்சம் கொடுங்க, லேப்டாப்ல ஏத்திக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல தந்துர்றேன்."

"கார்டு வேண்டாம் தம்பி. உங்க போனை ஆன் பண்ணுங்க, வேணுங்கிற படத்தை இப்பவே அனுப்புறேன்."

கேமராவிலேயே வைஃபை இருக்கிறது, நாலு படம் அனுப்ப ஒரு நிமிடம் போதும். அவருக்கு வேண்டியது ஸ்டேட்டஸில் போட ஒரு படம், கார்டு இல்லை. முகம் கோணாமல் அதைக் கொடுத்துவிட்டால் அவரும் சந்தோஷமாகப் போவார். தெரியாத மடிக்கணினியில் என்ன வைரஸ் இருக்கிறது என்று யார் கண்டது? ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸைப் பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து பார்த்து வருகிறோம்.

இரவில் ஏற்றும் வேலை என்னுடையது, அல்லது நான் பெயர் சொல்லிக் கொடுத்த ஒருவருடையது. களைத்துப்போய் இருக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து செய்தால், அவர் ஏற்றியிருப்பார் என்று இவரும், இவர் ஏற்றியிருப்பார் என்று அவரும் நினைப்பார்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ஃபோல்டர். ஒரே வகைக் கேமரா இரண்டு இருந்தால் இரண்டிலும் டிஎஸ்சி என்றே பெயர் தொடங்கும், எண் 9999 தாண்டினால் மறுபடி 0001க்கு வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, ஒரே பெயரில் படம் இருக்கிறது மாற்றவா என்று கணினி கேட்கும்போது தூக்கக் கலக்கத்தில் "சரி" கொடுத்தால் போச்சு. கேமராவின் மெனுவில் பெயரின் முன்னெழுத்துகளை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது, அதைச் செய்து வைத்திருக்கிறோம். கட் செய்து ஒட்டுவது கிடையாது, காப்பி மட்டும்தான். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அங்கங்கே படங்களைத் திறந்து பார்த்து, வீடியோவை நடுவில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே படுக்கை. ஊர் திரும்பும்போது ஒரு டிஸ்க் என் வண்டியில், இன்னொன்று வீடியோ தம்பியின் வண்டியில்.

அப்புறமும் கார்டை உடனே ஃபார்மேட் செய்வதில்லை. ஸ்டுடியோவில் மூன்றாவது நகல் ஏறிய பிறகுதான் அது காலியாகும். ஆவணி, தை மாதங்களில் அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் வரும், அதற்காகவே இரண்டு செட் கார்டு வைத்திருக்கிறோம். ஃபார்மேட் எப்போதும் அந்தந்தக் கேமராவில்தான். யாராவது தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் படங்களின் அட்டவணை மட்டும்தான் அழிந்திருக்கும், படங்கள் அதே இடத்தில் இருக்கும். அந்த நொடியே கார்டை வெளியே எடுத்துவிட்டு, ஒரு படம்கூடப் புதிதாக எடுக்காமல் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளில் போட்டால் நிறையவே திரும்பக் கிடைக்கும். பழைய படத்தின் மேல் புதுப் படம் பதிந்த இடம் மட்டும் போனது போனதுதான்.

ஆடி மாதம் எங்களுக்குக் கார்டு மாதம். கல்யாணம் இல்லாத நாட்களில் ஒவ்வொன்றையும் எடுத்து நிரப்பிப் படித்துப் பார்ப்போம். தங்க நிறத் தொடுமுனைகளில் சந்தனமோ வியர்வைக் கறையோ படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைப்போம். முனைகளுக்கு நடுவில் உள்ள பிளாஸ்டிக் தடுப்பு உடைந்தவை, பூட்டு தளர்ந்து தானாக நகர்பவை, ஒரு முறையாவது பிழை காட்டியவை எல்லாம் சிவப்புக் குறி வாங்கிக்கொண்டு பயிற்சிப் பெட்டிக்குப் போய்விடும். புதுப் பையன்கள் தெருவில் படம் எடுத்துப் பழக அவை போதும். "இன்னும் ஓடுதே, எதுக்கு ஒதுக்குறீங்க?" என்று கேட்பார்கள். ஒரு புதுக் கார்டின் விலையையும் ஒரு கல்யாண ஆல்பத்தின் விலையையும் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஆல்பம் கொடுக்கும் நாளில் படங்களைப் பென்டிரைவிலும் போட்டுக் கொடுக்கிறோம். அதை வாங்கியதும் பெண்ணின் அம்மா நேராகப் பீரோவில் பட்டுப் புடவைக்கு நடுவே வைக்கப் போவார். அப்போது நான் கொஞ்சம் உட்கார்ந்து பேசுவேன். இதற்குள்ளும் கார்டில் இருப்பது போன்ற நினைவகம்தான், மின்னூட்டமாகத்தான் படம் தங்கியிருக்கிறது, பல வருடம் மின்சாரமே படாமல் கிடந்தால் அது மெல்லக் கசியக்கூடும் என்று சொல்வேன். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், வெளியூரில் இருக்கும் மகன் வீட்டில் ஒரு நகல் வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து அதைத் திறந்து பார்க்கச் சொல்வேன், திறக்கவில்லை என்றால் அன்றைக்கே எனக்குப் போன் செய்யச் சொல்லி எண்ணையும் ஆல்பத்தின் உள் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவேன். சிலர் போன் செய்கிறார்கள். அவர்களுக்கு ஸ்டுடியோவில் இருக்கும் மூன்றாவது நகலிலிருந்து மறுபடி ஏற்றிக் கொடுக்கிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.