மத்தியானத்தில் மட்டும் மறுக்கும் ஏசி

மே 5, 2025, திங்கள்

கத்திரி தொடங்கிய மறுநாளே கார் ஏசி தன் குணத்தைக் காட்டிவிட்டது. காலையில் வளசரவாக்கத்திலிருந்து கிண்டி வரை குறை சொல்ல முடியாத குளிர்ச்சி. மத்தியானம் மாமாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, ஆர்காடு சாலையில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில், வந்த குளிர் காற்று வெறும் காற்றாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. ஒரு நிமிடம் இருந்தது, அடுத்த நிமிடம் இல்லை. காற்றின் வேகம் மட்டும் அப்படியே இருந்தது.

கண்ணாடிகளை இறக்கினால் புழுதி, ஏற்றினால் அடுப்பு. "இதற்கு நம் பழைய அம்பாசிடரே தேவலை அம்மா, அந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் முகத்தில் காற்று அடிக்கும்" என்றார் மாமா. அந்த அம்பாசிடர் நின்ற இடமெல்லாம் அவர் இறங்கித் தள்ளிய கதையை அத்தை பலமுறை சொல்லியிருக்கிறார். நான் நினைவுபடுத்தவில்லை.

மாலை ஆறு மணிக்கு மறுபடி கிளப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஜில்லென்று ஓடுகிறது.

மே 6, செவ்வாய்

வேலைக்குப் போகும் வழியில் பக்கத்துத் தெரு கடையில் நிறுத்தினேன். பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: "கேஸ் தீர்ந்திருக்கும் மேடம். 1,500 ரூபாய், அரை மணி நேரம்."

கேஸ் எரிந்து தீர்கிற பொருளா என்று கேட்டேன். கார் ஏசியில் இருப்பது மூடிய சுற்று. கம்ப்ரசர் அழுத்துகிறது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் வெப்பத்தை விட்டு வாயு திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறிய துளை வழியே தாண்டியதும் அழுத்தம் விழுந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி நம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கே போகிறது. ரப்பர் குழாய்கள், சீல்கள் வழியே பல ஆண்டுகளில் கொஞ்சம் கசிவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் நிரப்பினால் அடுத்த கோடையில் அதே கடை, அதே 1,500. தவிர, கேஸ் குறைவாக இருந்தால் காலையிலும் குளிர்ச்சி குறைய வேண்டும் அல்லவா?

முணுமுணுத்துக்கொண்டே அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். இன்ஜின் அணைந்த நிலையில் இரண்டு முள்ளும் ஏறக்குறைய 105 பிஎஸ்ஐ. நிழலில் 32 டிகிரி இருக்கும்போது கார் ஏசி வாயுவான ஆர்-134ஏ இந்த அழுத்தத்தைத்தான் காட்டும். ஆனால் இது கேஸ் போதிய அளவு இருப்பதற்குச் சான்று ஆகாது. சமையல் சிலிண்டரில் கடைசித் துளி திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது. இங்கும் அதே கதைதான். அளவு தெரிய வேண்டுமென்றால் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஓடவிட்டார். தாழ்வழுத்தப் பக்கம் 35, உயரழுத்தப் பக்கம் 210. பழுதில்லாத வண்டி காட்டுகிற எண்கள். காற்றும் பனிக்கட்டிபோல் வந்தது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். காலை எட்டரைக்கு நன்றாகத்தான் இருக்கும். பழுது வரும் நேரத்தில் வண்டி அவர் கடையில் இல்லை. கேஜைக் கழற்றியவர், கம்ப்ரசர் பலவீனமாக இருக்கலாம், மாற்றிவிட்டால் நிம்மதி என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன் கேஸ், இப்போது கம்ப்ரசர். நடுவில் எந்த எண்ணும் மாறவில்லை.

மே 8, வியாழன்

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்று வந்தால் முதலில் நான் கேட்பது, எப்போது வேலை செய்கிறது என்பதுதான். அதே கேள்வியைக் காரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

கூலிங் காயிலில் பனி உறைந்தாலும் இப்படி இடையில் போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பும். ஆனால் அப்போது பனி காற்றின் வழியை அடைத்துவிடும், காற்றை ஊதும் ப்ளோயர் கத்தினாலும் காற்று குறைவாக வரும். எனக்குக் காற்று குறையவே இல்லை. கண்டென்சர் விசிறி நின்றுபோனால் சிக்னலில் குளிர்ச்சி போகும், வேகம் எடுத்ததும் திரும்பும். எனக்கு 100 அடி சாலையில் பறந்தாலும் திரும்பவில்லை, விசிறியும் சுற்றுகிறது. சூடு, குளிர் காற்றைக் கலக்கும் தகடு சிக்கியிருந்தால் மாலையில் தானாகச் சரியாகாது.

ஆக, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு ஏதோ ஒன்று அடியோடு நின்றுவிடுகிறது. ஆறினால் திரும்புகிறது.

மே 10, சனி

இன்று வேண்டுமென்றே மத்தியானம் ஒன்றரைக்குக் கிளம்பினேன். கையில் மல்டிமீட்டர், ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிய வெப்பநிலை ஆய்வுக்கம்பி, ஒரு டார்ச். காலையில் இன்ஜின் ஆறியிருந்தபோதே கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைத்துப் பிரிக்கும் காந்தக் கிளட்சின் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்தடையை அளந்து எழுதிவைத்திருந்தேன்: 3.6 ஓம்.

அசோக் நகர், கே.கே. நகர் என்று சுற்றிச் சுற்றி ஓட்டினேன். பழுதுக்காகக் காத்திருந்து, அது வந்ததும் மகிழ்ந்தது வாழ்க்கையில் இதுவே முதல் முறை. காற்றுத் துவாரத்தில் 9 டிகிரியில் நின்ற எண் கிடுகிடுவென ஏறத் தொடங்கியது. ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பானட்டைத் திறந்தேன்.

கம்ப்ரசரின் புல்லி எப்போதும் சுற்றும், பெல்ட் இழுக்கிறதே. அதன் முன்னால் இருக்கும் தட்டு, ஏசி போட்டால் மட்டும் காந்தத்தால் இழுபட்டுப் புல்லியோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். "டக்" என்று கேட்கும் சத்தம் அதுதான். டார்ச் அடித்துப் பார்த்தேன். புல்லி சுற்றுகிறது. தட்டு அசையாமல் நிற்கிறது, அதன் மூன்று ரிவிட்டுகளையும் எண்ண முடிகிறது.

இனி கேள்வி ஒன்றுதான்: தட்டு ஒட்டாததற்குக் காரணம் மின்சாரம் வராததா, வந்தும் ஒட்ட முடியாததா? கேஸ் குறைந்து அழுத்தம் விழுந்தாலோ, விசிறி நின்று அழுத்தம் எகிறினாலோ பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே கெட்டிருந்தாலும், எலி ஒயரைக் கடித்திருந்தாலும் வராது. சென்னையில் மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியை மறக்கக் கூடாது. இணைப்பியின் பின்புறமாக மீட்டர் முனையைச் செருகினேன். 13.5 வோல்ட். எர்த் பக்கம் பார்த்தேன், இழப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதாவது ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கூலிங் காயிலின் குளிரை அளக்கும் தெர்மிஸ்டர், கணினி எல்லாம் தம் கடமையைச் செய்துவிட்டன. உத்தரவு கிளட்ச் வாசல் வரை வந்திருக்கிறது.

இன்ஜினை அணைத்து, இணைப்பியைக் கழற்றி, சூடு ஆறுவதற்குள் மறுபடி மின்தடை பார்த்தேன். 4.7 ஓம்.

இங்கேதான் விஷயம் பிடிபட்டது. செம்புக் கம்பியின் மின்தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 3.6 என்பது 4.7 ஆகியிருந்தால் காயில் 110 டிகிரியைத் தொட்டிருக்கிறது. இன்ஜின் சூடு, அதன் சொந்தச் சூடு, மேலே கத்திரி வெயில்; வியப்பில்லை. காலையில் 3.8 ஆம்பியர் எடுத்த காயில் இப்போது 2.9தான் எடுக்கும். காந்த விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே பிடி கிட்டத்தட்ட அறுபது சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் எல்லாக் காரிலும் காயில் சூடாகும், எல்லாக் காரிலும் பிடி குறையும். அதைத் தாங்கித்தான் வடிவமைத்திருப்பார்கள். நம் காரில் மட்டும் தாங்கவில்லை என்றால், தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான இடைவெளி கூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் இரண்டு பரப்புகளும் ஒரு சிட்டிகை தேய்கின்றன. இந்த வண்டிக்கு வயது பன்னிரண்டு.

சட்டென்று நின்றதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒட்டிவிட்ட தட்டுக்கு இடைவெளியே கிடையாது, பலவீனமான காந்தமும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூலிங் காயிலில் பனி உறையாமலிருக்கத் தெர்மிஸ்டர் ஒரு முறை தட்டை விடுவித்துவிட்டால், மறுபடி தூரத்திலிருந்து இழுக்க அதற்குத் தெம்பு இல்லை.

வியர்வையில் துப்பட்டாவைப் பிழியலாம்போல் இருந்தது. அதைக் காரிலேயே கழற்றிவைத்துவிட்டுத்தான் பானட்டுக்குள் குனிந்தேன். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் துணி, தலைமுடி, வளையல் எதுவும் கூடாது.

மே 11, ஞாயிறு

கொழுந்தனார் தொலைபேசியில், டப்பாவில் விற்கிற கேஸ் ஒன்றை வாங்கி நாமே ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். உள்ளே என்ன வாயு என்று தெரியாத டப்பாவை நான் தொடமாட்டேன். மலிவான சிலவற்றில் எரியும் ஹைட்ரோகார்பன் கலவை இருக்கும். ஏற்கெனவே அளவு சரியாக இருக்கும் சுற்றில் இன்னும் ஏற்றினால் உயரழுத்தம் எகிறிக் கம்ப்ரசர்தான் மூச்சுத் திணறும். எத்தனை கிராம் என்று பானட் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், நம் காருக்கு 450. எடை போட்டு ஏற்ற வேண்டிய பொருள் அது.

முன்பு கார் ஏசியில் இருந்த ஆர்-12 வாயு ஓசோனைத் தின்றது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் ஒழித்துக்கட்டினார்கள். அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது; ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதே எடை கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். கடைகளில் வால்வை அழுத்திப் "புஸ்" என்று வெளியே விடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மே 14, புதன்

பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் கேட்டேன். கிளட்ச் இடைவெளியைச் சரிசெய்வதில்லையாம். கம்ப்ரசர் முழுதாக மாற்றவேண்டும், 22,000 ரூபாய், கேஸ் தனி. அளந்து பார்த்தீர்களா என்றதற்கு, அளக்கிற வழக்கம் இல்லை என்று மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார் அந்தப் பெண். அவரைக் கோபித்து என்ன பயன்.

மே 16, வெள்ளி

புதுப்பேட்டை. பழைய உதிரிபாகங்களின் ஊர். பிரித்த கார்களின் கதவுகள் ஒரு பக்கம், இன்ஜின்கள் ஒரு பக்கம். உடன் பணிபுரிபவர் சொன்ன ஏசி மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தேன். அறுபது வயதைத் தாண்டிய பாய். ஆர்-12 காலத்திலிருந்து இதே வேலை.

"பாய், காலையில் 3.6 ஓம், சூட்டில் 4.7, மின்சாரம் சரியாக வருகிறது, தட்டு ஒட்டவில்லை" என்றேன். என்னை ஒரு நொடி பார்த்தார். "அப்படியென்றால் பாதி வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் அம்மா" என்று பையனை அனுப்பி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைக் கொண்டுவரச் சொன்னார்.

வழி முழுதும் வெயிலில் வந்திருந்ததால் பழுதும் கூடவே வந்திருந்தது. பாய் ஒரு நீளமான மரக்குச்சியால் நின்றிருந்த தட்டை லேசாகப் புல்லியின் பக்கம் தள்ளினார். டக். ஒட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கியது, உள்ளே குளிர் வந்தது. அணைத்துப் போட்டார், ஒட்டவில்லை. மறுபடி தள்ளினார், ஒட்டியது. நான் அரை நாள் கணக்குப் போட்டதை மனிதர் ஒரு குச்சியால் நிரூபித்துவிட்டார்.

முன் சக்கரத்தைக் கழற்றி, உள் மறைப்பை விலக்கி, பக்கவாட்டில் கையை விட்டார். ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். 0.6 தாராளமாகப் போனது. 0.8 போனது. 0.95 தான் உரசிக்கொண்டு நின்றது. இருக்கவேண்டியது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள். தட்டின் நடுப் போல்ட்டைக் கழற்றித் தட்டை வெளியே இழுத்தார். தண்டின் மேல் மோதிரம்போன்ற இரண்டு மெல்லிய வாஷர்கள். ஒன்றை எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தின் தடிமன்கூட இல்லை. ஒன்றை மட்டும் உள்ளே விட்டு மறுபடி பூட்டி, மூன்று இடங்களில் அளந்தார்: எல்லாப் பக்கமும் 0.45. கேஸ் சுற்றை யாரும் தொடவில்லை.

இடைவெளியை ஒரேயடியாகக் குறைத்தால் என்ன என்று கேட்டேன். ஏசி அணைந்த பிறகும் தட்டு புல்லியோடு உரசும், கருகும் என்றார். தேய்மானம் தொடர்ந்து கடைசி வாஷரையும் எடுக்கவேண்டி வரும் நாளில் கிளட்ச் செட் மட்டும் மாற்றினால் போதுமாம்.

கூலி 600 ரூபாய். கூட ஒரு டீ வாங்கித் தந்தது அவர்தான்.

மே 17, சனி

ஓ.எம்.ஆர். வழியாகக் கேளம்பாக்கம் வரை போய் வந்தோம், மத்தியான வெயிலில். தெர்மிஸ்டர் விடுவிப்பதும் தட்டு மறுபடி ஒட்டுவதும் காதில் தெளிவாக விழுகிறது. துவாரத்தில் 8 முதல் 11 டிகிரி. மாமா பின் சீட்டிலிருந்து ப்ளோயரைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ப்ளோயரின் இரண்டாம் வேகம் வேலை செய்யவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். மற்ற வேகங்கள் இருக்கின்றன, அவசரமில்லை.

மே 20, செவ்வாய்

மாடி வீட்டுக்காரர் காரிலும் ஏசி போய்விட்டதாம். "கேஸ் ஏற்றப் போகிறேன், நீங்கள் போன கடை எது?" என்றார். எப்போது குளிர்கிறது என்று கேட்டேன். புறவழிச்சாலையில் குளிர்கிறது, கோயம்பேட்டில் நின்றால் வெந்நீர் ஆவி என்றார். பானட்டைத் திறந்து ஏசி போடச் சொன்னேன். கிளட்ச் ஒட்டியது. கண்டென்சர் விசிறி அசையவில்லை. அதன் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதே வகையைச் சேர்ந்த ஹாரன் ரிலேயை அங்கே செருகியதும் விசிறி சீறிக்கொண்டு கிளம்பியது. அப்படியே ஓட்டிக்கொள்கிறேன் என்கிறார் மனிதர். ஹாரன் இல்லாமல் கோயம்பேட்டைத் தாண்ட முடியாது, கடை மூடுவதற்குள் புது ரிலே வாங்கி வாருங்கள் என்று விரட்டியிருக்கிறேன்.