பார்க்கப் பழக்கிய சேர்

எங்கள் பள்ளிக்கூட மலர்க்குழுவினர் பார்க்கின்சன் நோயில் நான் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதை எங்கள் தாவரவியல் சேரிடமிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சரியாக வரும்.

எழுபதுகளில் படித்தவர்களுக்குப் பின்மதிலில் படர்ந்திருந்த பூனைக்காலிக் கொடி ஞாபகம் இருக்கும். உயர்தர வகுப்பில் ஒருநாள் யாரோ அதன் சுணையை முன்வாங்கில் தூவிவிட, இரண்டு பேர் சொறிந்துகொண்டே கிணற்றடிக்கு ஓட, சேர் பிரம்பை எடுக்கவில்லை. ஒரு காயைக் கடதாசியில் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்து எங்களை வரையச் சொன்னார். "இது என்னவெண்டு பிறகு சொல்லுவம். முதல்ல எப்பிடி இருக்கெண்டு வடிவாப் பாருங்கோடா." அந்தப் பாடவேளை முழுக்க அதுதான்.

லண்டனுக்கு வந்து நரம்பியலில் சேர்ந்து, பார்க்கின்சன் நோயும் அதைப் போன்ற அசைவுக் கோளாறுகளும்தான் என் வேலை என்று ஆனபோது, சேர் பழக்கியதுதான் கைகொடுத்தது. இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டன் ஹொக்ஸ்டனில் இருந்த வைத்தியர். 1817இல் அவர் எழுதிய கட்டுரையில் வருபவர்கள் ஆறே ஆறு பேர், அதிலும் மூன்று பேரை அவர் தெருவில்தான் கண்டார். நடையையும் குனிவையும் கை நடுக்கத்தையும் பார்த்து அவர் எழுதியதை இன்றைக்கும் என் பயிற்சி வைத்தியர்களுக்கு வாசிக்கக் கொடுக்கிறேன்.

நான் பயிற்சியில் இருந்தபோது, 1992இல், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைக்கும் லண்டன் மூளை வங்கியிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. உயிரோடு இருந்தபோது பார்க்கின்சன் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்த 100 பேரின் மூளைகளை இறந்த பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், 76 பேருக்குத்தான் அந்த நோய் இருந்தது. மற்றவர்களில் சிலருக்கு இருந்தவை வேறு நோய்கள்: ஒன்றில் கண்ணை மேலும் கீழும் அசைப்பது கஷ்டமாகி, தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே பின்பக்கமாக விழத் தொடங்குவார்கள், இன்னொன்றில் எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் இறங்கி மயங்குவார்கள். என்னை அந்த ஆய்வு விடவே இல்லை. அப்புறம் நான் செய்த ஆராய்ச்சி எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்: இவர்களை உயிரோடு இருக்கும்போதே, அதுவும் ஆரம்பத்திலேயே, எப்படிப் பிரித்து அறிவது? மருந்து வேலை செய்வதும் செய்யாததும், இனி வரப்போவது என்ன என்று குடும்பத்துக்குச் சொல்வதும் அதில்தான் இருக்கிறது. ஸ்கான்கள் வந்துவிட்டன, மரபணுச் சோதனைகள் வந்துவிட்டன, ஆனாலும் ஒருவர் கதவால் உள்ளே வந்து கதிரையில் உட்காரும்வரை நான் ஒன்றும் கேட்பதில்லை. எந்தக் கை வீசாமல் வருகிறது, திரும்பும்போது எத்தனை சின்ன அடி வைக்கிறார், வாசலில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

பூனைக்காலிக்கு வருகிறேன். பார்க்கின்சனில், உடல் சரியாக அசைய வேண்டிய டோபமீன் என்ற இரசாயனத்தைச் செய்யும் மூளைக் கலங்கள் அழிந்துபோகின்றன. டோபமீனை மருந்தாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது, அதனால் உள்ளே போய் டோபமீனாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறோம். 1961இல் வியன்னாவில் பிர்க்மையரும் ஹோர்னிகிவிச்சும் அதை ஊசியால் ஏற்றியபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் வாயால் கொடுக்கும் அளவைப் படிப்படியாகக் கூட்டி, தொடர்ந்து எடுக்கக்கூடிய வைத்தியமாக அதை ஆக்கிக் காட்டினார். அந்த லெவோடோபா பூனைக்காலி விதையில் நிறைய இருக்கிறது! 1937இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள், பார்க்கின்சனுக்கு உதவும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில். அந்தக் கட்டுரையை நூலகத்தில் கண்ட அன்றைக்குச் சேருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது, அந்த விதையின் படத்தோடு. அவரே வரைந்தது. (இதை வாசித்துவிட்டு யாரும் விதைத்தூள் வாங்கிச் சாப்பிடவேண்டாம், குளிசையோடு சேர்ந்தால் அளவு தப்பிவிடும்.)

நம் ஆட்கள் வைத்தியரிடம் பிந்தித்தான் வருகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. "வயசு போகுது, கை நடுங்கத்தானே செய்யும்" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நடுக்கமே இல்லாமலும் இது வரும். கறி வாசம் தெரியாமல் போவது, விடாத மலச்சிக்கல், நித்திரையில் கத்திக் கையை வீசுவது, கையெழுத்து வரவரச் சிறுப்பது, ஒருபக்கத் தோள் இறுகுவது, இதெல்லாம் பல வருடம் முந்தியே தொடங்கலாம். ஒன்று இருந்தால் பார்க்கின்சன் என்று பயப்பட வேண்டாம், ஆனால் சேர்ந்து வந்தால் காட்டுங்கள். போகும்போது அப்பா அம்மா வீட்டில் நடப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், வைத்தியருக்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்கள். லெவோடோபா எடுப்பவர்கள் நேரம் தவறவேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இறைச்சி, மீன், பருப்போடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு மருந்து சரியாகப் பிடிக்காது, அவர்களுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடுவது நல்லது.

இந்த வருட ஒன்றுகூடலுக்கு நான் வருகிறேன். கேள்வி இருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், சாப்பாட்டுக்குப் பிறகு வந்து கதையுங்கள், கடைசி ஆள் போகும்வரை இருப்பேன்.