ராக்கி மலையில் வேன் பயணம்: முதலில் படுக்கிற இடத்தைப் பிடியுங்கள்

கனடிய ராக்கி மலைக்குக் கேம்பர்வேனில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வேனில், போகலாம் என்று தோன்றியதும் எல்லாரும் முதலில் திறப்பது வேன் வாடகை இணையதளத்தைத்தான். படம் பார்த்து, விலை பார்த்து, முன்பணமும் கட்டியாகிவிடும். ராத்திரி எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அதற்குப் பிறகு வரும். அதற்குள் பான்ஃப் தேசியப் பூங்கா முகாம்களில் ஜூலை, ஆகஸ்ட் வாரயிறுதிகள் போயே போய்விட்டிருக்கும். வேன்தான் இருக்கிறதே, எங்காவது ஓரங்கட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்கிற கணக்கு இங்கே செல்லாது. தேசியப் பூங்காவுக்குள் முகாம் தவிர வேறெங்கும் வண்டியில் இரவு தங்கக் கூடாது. ஏரிக்கரை பார்க்கிங், சாலையோர ஒதுக்கிடம், நடைபாதை தொடங்குகிற இடம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பான்ஃப் ஊர்த் தெருவில் நிறுத்தித் தூங்கினாலும் அபராதம் உண்டு.

அதனால் இந்தப் பயணத்துக்கு பட்ஜெட் போடும்போது இரவுகளை முதலில் எழுதுங்கள். வேனின் அளவு, குளிர்பெட்டி, அடுப்பு, எல்லாமே அந்த இரவுகள் எங்கே என்பதிலிருந்து தானாக வந்துவிடும்.

வழக்கமான வழி இது. கால்கரியிலிருந்து பான்ஃப் 128 கி.மீ., அங்கிருந்து லேக் லூயிஸ் 58, லேக் லூயிஸிலிருந்து ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே வழியாக ஜாஸ்பர் 232, அதே வழியில் திரும்பி லேக் லூயிஸ். பிறகு யோஹோ பூங்காவின் ஃபீல்ட் 27, கோல்டன் 57, ரேடியம் ஹாட் ஸ்பிரிங்ஸ் சுமார் 105, கூட்டெனே பூங்காவைக் குறுக்காகக் கடந்து காசில் ஜங்ஷன் இன்னொரு 105, அங்கிருந்து கால்கரி 155. கூட்டினால் 1,100 கி.மீ. ஏரிகளுக்கும் அருவிகளுக்கும் போய்வருவதற்கு 250 சேருங்கள். ஆக 1,350 கி.மீ., நான்கு தேசியப் பூங்காக்கள், நிதானமாகப் பார்க்கப் பத்து நாள்.

தேசியப் பூங்காக்களை நடத்துகிற அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் இணைய முன்பதிவு ஆண்டின் முதல் மாதங்களிலேயே திறந்துவிடும். ஒவ்வொரு பூங்காவுக்கும் தனித் தேதி, மலை நேரம் (கால்கரி நேரம்) காலை 8 மணி. டொரண்டோக்காரர்களுக்கு அது 10 மணி. எட்டுக்கு முன்னால் இணையக் காத்திருப்பு அறையில் நுழைந்தவர்களுக்கு வரிசை எண் குலுக்கலில்தான் விழும். ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்து பயனில்லை. வீட்டில் இரண்டு பேர் இரண்டு கணக்கில் உள்ளே போனால் வாய்ப்பு கூடும். கணக்கு தொடங்குவது, அட்டை எண்ணைச் சேமிப்பது எல்லாம் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். முதல் விருப்பத்தோடு இன்னும் இரண்டு முகாம் பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முன்பதிவுக்கும் இணையத்தில் சுமார் 11.50 கனடிய டாலர் தனிக் கட்டணம், ரத்து செய்தாலும் திரும்பி வராது. ஒன்பது இரவுக்கு ஒன்பது முகாம் போட்டால் இதுவே நூறு டாலரைத் தாண்டும். பான்ஃபில் டனல் மவுண்டன் இரண்டு இரவு, லேக் லூயிஸ் மூன்று, ஜாஸ்பர் விசிலர்ஸில் இரண்டு என்று மூன்று தளங்களாகப் பிரியுங்கள். மீதி இரண்டு இரவை வரிசைப்படி இடம் தருகிற சிறு முகாம்களுக்கு விடலாம். பார்க்வேயில் உள்ள மாஸ்கிட்டோ கிரீக், வில்காக்ஸ் இரண்டும் அந்த வகை. அங்கே குழிக் கழிப்பறைதான், குளியல் கிடையாது, மின்சாரம் கிடையாது, வாடகையும் குறைவு. போகிற ஆண்டின் முறையை ஒருதரம் சரிபார்த்துவிட்டு, காலை பத்து, பதினொன்றுக்குள் போய்ச் சேர்ந்து, கட்டணத்தை உறையிலிட்டு அதற்கான பெட்டியில் போட்ட பிறகு ஊர் சுற்றக் கிளம்புங்கள். மாலை நான்குக்குப் போனால் ஜாஸ்பர்வரை ஓட்ட வேண்டியிருக்கும்.

லேக் லூயிஸ் முகாமில் ஒரு பொறி இருக்கிறது. அது இரண்டு பகுதி. கூடாரங்களுக்கான பகுதியைச் சுற்றி மின்வேலி, கரடிக்காக. மற்றது கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும், வேலி இல்லை. மேற்கூரையைத் தூக்கினால் துணிச்சுவர் விரிகிற பாப்-டாப் வேனைத் துணிக் கூடாரத்தின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு கெட்டிப் பகுதியில் இடம் பதிந்தால் வாசலில் பிரச்சினை. வேன் வகையை முடிவு செய்யாமல் இந்த முகாமைப் பதியாதீர்கள். என்னைக் கேட்டால் ராக்கிக்குப் பாப்-டாப் வேண்டாம். ஜூலையிலும் விடியற்காலையில் பூஜ்யத்தை நெருங்குகிற ஊரில் துணிச்சுவரால் என்ன லாபம்?

பூங்காவுக்கு வெளியே இலவசமாகத் தங்கலாமே என்று சொல்வார்கள். ஓரளவு உண்மை. பார்க்வேயின் நடுவில் உள்ள சஸ்காட்சுவான் ரிவர் கிராஸிங்குக்குக் கிழக்கே ஆபிரகாம் ஏரிப் பக்கம் மாகாணப் பொதுநிலம் உண்டு. 2021 முதல் அங்கே 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் பொதுநில முகாம் சீட்டு வேண்டும்: மூன்று நாளுக்கு 20 டாலர், ஆண்டுக்கு 30. கால்கரிக்கு மேற்கே உள்ள கானனாஸ்கிஸ் மலைப்பகுதியில் வண்டிக்கு நாளுக்கு 15 டாலர் பாதுகாப்புச் சீட்டு. இதையெல்லாம் கட்டினாலும், அந்த இடங்களுக்குப் போவது பெரும்பாலும் கப்பிச் சாலை. பல வாடகை ஒப்பந்தங்களில் கப்பிச் சாலையில் போனால் காப்பீடு கிடையாது. ஒப்பந்தத்தில் வண்டிக் கண்ணாடி பற்றிய விதியையும் தேடிப் பாருங்கள். ஆல்பர்ட்டா நெடுஞ்சாலைகளில் முன்னால் போகிற லாரி தெறிக்கவிடுகிற கல் கண்ணாடியில் கீறல் போடுவது சர்வசாதாரணம். அடிப்படைக் காப்பீட்டில் அது சேராமல் இருக்கலாம்.

இப்போது வேன். இரண்டு பேருக்கு, பின்பக்கம் கட்டிலும் இழுப்பறை அடுப்பும் வைத்த மினிவேன் போதும். 100 கி.மீ.க்கு 11 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 150 லிட்டர். நின்று நடக்கிற உயரமுள்ள பெரிய வேன் 16 லிட்டர் குடிக்கும், 216 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலர் என்று போட்டால் வித்தியாசம் நூறு டாலர்தான். செலவு ஏறுவது வேறிடத்தில்: நாளுக்கு 100 கி.மீ. மட்டும் இலவசம் என்ற ஒப்பந்தத்தில் பத்து நாளுக்கு 1,000 கி.மீ.தான் வரும், மேலே 350க்குத் தனிக் காசு. வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். வான்கூவரில் எடுப்பதைவிடக் கால்கரி நல்லது. ஆல்பர்ட்டாவில் 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும், மாகாண விற்பனை வரி கிடையாது.

நீளம் 6 மீட்டருக்குள் இருந்தால் யோஹோவின் டக்கக்கா அருவிக்கும் நிம்மதியாகப் போகலாம். அந்தச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு எவ்வளவு இறுக்கம் என்றால், நீளமான வண்டிகள் ஒரு துண்டைப் பின்னோக்கி ஓட்டிக் கடக்க வேண்டும். டிரெய்லருக்கு அனுமதியே இல்லை.

இறக்கங்களைப் பற்றிக் கொஞ்சம். கிக்கிங் ஹார்ஸ் கணவாய் 1,627 மீட்டர், பார்க்வேயில் போ உச்சி 2,000ஐத் தாண்டும், சன்வாப்டா கணவாய் 2,035. சுமை ஏற்றிய வேனில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறி, அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறியதும் 140 ஆகிவிடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி, மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறையுங்கள். பிரேக்கைச் சில நொடி அழுத்தி விட்டு, மறுபடி அழுத்துங்கள். எரிகிற வாடை வந்தால் ஒதுக்கிடத்தில் இருபது நிமிடம் நிறுத்துங்கள்.

பெட்ரோலை லேக் லூயிஸிலோ ஜாஸ்பரிலோ முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது ரிவர் கிராஸிங்கில் ஒரே ஒரு பங்க், அதுவும் பருவத்தில் மட்டும், விலையும் கூட. பெரும்பாலான தூரத்துக்கு போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைக்க வேண்டும்.

சமையலில்தான் நம்மவர்கள் சறுக்குவது. கடையில் கிடைக்கிற மெல்லிய பியூட்டேன் டப்பா அடுப்பு மலிவு, ஆனால் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. எரிய எரிய டப்பா தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் என்பதால் 5 டிகிரிக் காலையிலேயே தீ மினுக்மினுக்கென்று ஆகிவிடும். புரொப்பேன் மைனஸ் 42வரை தாங்கும். அதற்கான அடுப்பையே கேட்டு வாங்குங்கள். 465 கிராம் பச்சை நிற கேஸ் உருளை முழுத் தீயில் இரண்டு மணி நேரம் வரும்; இரண்டு பேர் பத்து நாள் சமைக்க நான்கைந்து உருளை ஆகும். உருளையை விமானத்தில் கொண்டுவர முடியாது, கால்கரியில் வாங்குங்கள்.

அடுத்தது பருப்பு. வில்காக்ஸ் முகாம் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியில் கொதித்துவிடும். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் ஒரு மணி நேரம் கழித்தும் நறுக்கென்று இருக்கும், கேஸ் உருளையில் பாதி தீர்ந்திருக்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். உள்ளே 115 டிகிரியைத் தாண்டும் என்பதால் ஊறவைத்த பருப்பு வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட வைத்தால் வெந்துவிடும். இல்லையென்றால் பாசிப்பருப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாளிப்பதை வெளியே மேசையில் செய்யுங்கள். வேனுக்குள் தாளித்தால் வெங்காய வாடை மெத்தையில் ஏறி ஊர் வந்தும் போகாது. கருவாட்டை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

சமைத்து முடித்ததும் மேசை வெறுமையாக இருக்க வேண்டும். அடுப்பு, பாத்திரம், எண்ணெய், ஐஸ் பெட்டி, பல்பொடி, காலியான சோடா டப்பா, எல்லாம் வேனுக்குள். வேனை விட்டுப் பத்து நிமிடம் நகர்ந்தாலும் இதே முறை. சாதம் வடித்த கஞ்சியைப் புதரில் ஊற்றக் கூடாது; அதற்கென உள்ள கழிவுநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். கரடி ஒருமுறை முகாமில் சோறு கண்டால் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டியதாகிவிடும். சட்டப்படி அபராதத்தின் உச்சவரம்பு 25,000 டாலர். கரடி, ஓநாயிலிருந்து 100 மீட்டர், எல்க் மானிலிருந்து 30 மீட்டர் விலகி நில்லுங்கள்.

குளிர்பெட்டிக்கு 45 வாட் கம்ப்ரஸர், நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடுகிறது என்றால் நாளுக்கு 30 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். வண்டி ஓடாமல் ஒரே முகாமில் இரண்டாவது ராத்திரி வரும்போது அது தீர்ந்துவிடும். நடுவில் ஒரு நாள் எங்காவது ஒரு மணி நேரம் ஓட்டினால் சமாளிக்கலாம். ஐஸ் பெட்டி என்றால் பாளமாக வாங்குங்கள், துண்டு ஐஸ் இரண்டே நாளில் தண்ணீராகிவிடும்.

இரவில் குளிர்கிறது என்று அடுப்பைப் பற்றவைத்துத் தூங்குவது உயிருக்கு உலை. கார்பன் மோனாக்சைடு வாடையே தெரியாமல் ஆளைக் கொல்லும். எச்சரிக்கைக் கருவி வேனில் இருக்கிறதா, பேட்டரி உள்ளதா என்று எடுக்கிற இடத்திலேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். அடைத்துப் படுத்தால் மூச்சின் ஈரம் காலையில் கண்ணாடியெல்லாம் வழிந்து போர்வையை நனைத்திருக்கும்.

நுழைவுச் சீட்டுக்கு ஒரு வண்டிக் குடும்பத்துக்கு 2024இல் நாளுக்கு 22 டாலர் வாங்கினார்கள். ஏழு நாளில் அது அப்போதைய 151.25 டாலர் ஆண்டுச் சீட்டைத் தாண்டிவிட்டது. 17 வயதுவரை இலவசம். 2025 ஜூன் 20 முதல் செப்டம்பர் 2வரை எல்லாருக்கும் நுழைவு இலவசமாக இருந்தது, முகாமுக்கும் 25 சதவீதம் தள்ளுபடி. சீட்டு வாங்குமுன் அந்த ஆண்டு அப்படி ஏதாவது உண்டா என்று பாருங்கள். மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்த வண்டி போக முடியாது. பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பேருந்தில் போகலாம், 2025இல் 8 டாலர். பெரும்பகுதி இருக்கைகள் இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். லேக் லூயிஸ் கரையில் நிறுத்த 2024இல் 36.75 டாலர் வாங்கினார்கள். ஷட்டில் சீட்டு இரண்டு ஏரிக்கும் சேர்த்துப் பயன்படும் என்பதால் கரைக்கு வேனைக் கொண்டுபோகவே வேண்டாம்.

எந்த மாதம்? ஜூன் கடைசியில் உயரப் பாதைகளில் இன்னும் பனி. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்தால் எதிர் மலையே தெரியாது. 2024 ஜூலைத் தீயில் ஜாஸ்பர் ஊர்க் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. ரத்து விதிகளை அதை மனதில் வைத்துப் படியுங்கள். செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரம்தான் என் கட்சி: லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் மஞ்சளாகும், கூட்டம் குறையும். சில முகாம்கள் மூடத் தொடங்கியிருக்கும், இரவு உறைபனி நிச்சயம்.

கரடியை விரட்ட வாங்கிய மிளகாய் ஸ்ப்ரேயைத் திரும்பும்போது விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற மாட்டார்கள். கடைசி முகாமை விட்டுக் கிளம்பும் காலையில், அப்போதுதான் வந்து நிறுத்துகிற யாரிடமாவது காலாவதித் தேதியைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள், மிச்சமிருக்கும் புரொப்பேன் உருளையோடு சேர்த்து.